அந்தக் குடத்துக்குள் என்ன இருக்கிறது?

வேலை விஷயமாக ஒருமுறை பெருவின் தலைநகர் லிமா போயிருந்தேன். திரும்பும் விமானம் நள்ளிரவில். கையில் ஒரு முழுப் பகல் மிச்சமிருந்தது. புவேப்லோ லீப்ரே பகுதியில் இருக்கும் லார்கோ அருங்காட்சியகத்துக்குப் போனேன். காட்சிக்கூடங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அதன் கிடங்கு. மற்ற இடங்களில் பூட்டி வைத்திருக்கும் பகுதியை இங்கே எல்லோருக்கும் திறந்து விட்டிருக்கிறார்கள். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரிகள், அவற்றில் 30,000-க்கும் மேற்பட்ட பொருட்கள், பெரும்பாலும் மண்பாண்டங்கள். ஆந்தைகள் ஒரு பக்கம், உருளைக்கிழங்குகள் ஒரு பக்கம், நோயாளிகள் ஒரு பக்கம், மனித முகங்கள் வரிசை வரிசையாக ஒரு பக்கம் என்று இனம் பிரித்து அடுக்கியிருந்தார்கள். ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தால், அது நம்மை முன்பே பார்த்துக்கொண்டிருந்தது போல இருக்கும்.

அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஒரு சாண் உயரம் இருப்பாள். முதுகில் ஒரு பெரிய குடம். குடத்தைச் சுற்றி வந்த வார் அவள் நெற்றியில் பதிந்திருக்கிறது. பாரம் பின்னால் இழுக்க, அவள் முன்னால் குனிந்திருக்கிறாள். நெற்றியிலிருந்து வழுக்காமல் இருக்க இரண்டு கைகளாலும் வாரைப் பிடித்திருக்கிறாள். செய்தவன் அந்தக் குனிவை எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறான் என்று வியந்து நின்றேன். கழுத்து நரம்பு எதுவும் தெரியவில்லை, முகத்தில் வலி காட்டவில்லை. ஆனாலும் பாரம் தெரிகிறது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். கீழே, "1,500 வருஷத்துக்கு முந்தின பொம்பள. தண்ணி எடுத்துட்டுப் போறா" என்று எழுதினேன்.

ஊரில் அப்போது ராத்திரி. அம்மா தூங்கியிருக்கவில்லை. குரல் பதிவு ஒன்று வந்தது. "தண்ணின்னு உனக்கு யாரு சொன்னது? அந்தக் கொடத்துல என்ன கண்ணு இருக்கு?"

சிரித்துவிட்டு அடுத்த அலமாரிக்கு நகர்ந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. விமானத்திலும் கூடவே வந்தது, ஊர் வந்த பிறகும் போகவில்லை. அந்த நாள் வரை இந்தக் கலங்களைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான அபிப்பிராயம் இருந்தது. அதை அந்தக் கேள்வி மெல்ல மெல்லக் கரைத்துவிட்டது.

மண்ணால் ஒரு புகைப்பட ஆல்பம்

அந்தப் பெண்ணைச் செய்தவர்கள் மோச்சே மக்கள். பெருவின் வட கடற்கரையில், சுமார் கி.பி. 100 முதல் 800-ஆம் ஆண்டு வரை, மழையே இல்லாத பாலையின் நடுவே மலையிலிருந்து இறங்கிவரும் ஆறுகளின் கரைகளில் வாழ்ந்தவர்கள். எழுத்து கிடையாது. குயவர்களிடம் திரிகையும் கிடையாது. ஸ்பானியர்கள் வரும்வரை ஆந்தீஸ் மலைநாடு முழுவதிலுமே சக்கரத்தில் சுற்றி வனைந்த பானை என்று ஒன்று இருந்ததில்லை. மோச்சே குயவர்கள் அச்சில் செய்தார்கள். இரண்டு பாதிகளாகச் சுட்ட களிமண் அச்சு, அதன் உட்புறத்தில் ஈரக் களிமண்ணை விரலால் அழுத்தி அப்புவார்கள். சற்று இறுகியதும் இரண்டு பாதிகளையும் சேர்த்து, ஒட்டுத் தெரியாமல் வெளிப்புறத்தை வழித்துவிடுவார்கள். பிறகு வெள்ளையும் செங்காவியுமாகக் களிக்குழம்புப் பூச்சு. அதன்மேல் மயிரிழைக் கோடுகளில் ஓவியம். கடைசியாகச் சூளை.

எழுத்தில்லாத மக்கள் எல்லாவற்றையும் மண்ணில் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நான் நம்பியிருந்தேன். நம்பக் காரணமும் இருந்தது. பிரசவம் பார்க்கும் காட்சி ஒரு கலத்தில் இருக்கிறது: பின்னாலிருந்து ஒருத்தி தாங்கிப் பிடிக்க, முன்னால் மருத்துவச்சி குழந்தையை ஏந்துகிறாள். தலை கழுவுகிறவன் இருக்கிறான். சுரைக் குடுக்கையிலிருந்து சுண்ணாம்பை ஒரு குச்சியால் எடுத்துக் கோக்கா இலையோடு மெல்லுகிறவன் இருக்கிறான். ஒரு கண் போனவன், காலில் பாதம் இல்லாதவன், நோயால் மூக்கும் உதடும் அரித்துப்போனவன் எல்லோரும் இருக்கிறார்கள். கோரைப் படகில் கடலுக்குப் போகிறவன் இருக்கிறான். அதே படகை இன்றைக்கும் வான்சாக்கோ கடற்கரையில் மீனவர்கள் ஓட்டுகிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஓர் அகன்ற கிண்ணத்தில், கூரைக்குக் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து இடுப்பில் கட்டிய தறியில் நெய்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, "இது ஒரு மக்கள் கூட்டத்தின் குடும்ப ஆல்பம்" என்று நண்பர்களிடம் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடித்தான் முதன்முறையாக ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, ஆல்பத்தில் இல்லாத படங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன.

யாருமே விதைக்கவில்லை

மோச்சே மக்கள் வாழ்ந்தது பாசனத்தால். பாலையின் குறுக்கே வாய்க்கால் வெட்டி, சோளமும் பருத்தியும் மொச்சையும் வேர்க்கடலையும் விளைவித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளெல்லாம் செய்திருக்கக்கூடிய வேலை வாய்க்கால் வெட்டுவதும் தூர்வாருவதும் விதைப்பதும் அறுப்பதும்தான். கலங்களில் அந்த வேலைகள் கிட்டத்தட்ட இல்லை! விளைந்த பொருள் இருக்கிறது. சோளக்கதிர் இருக்கிறது, பூசணி இருக்கிறது, கண்ணுக்குக் கண் குழி விழுந்த உருளைக்கிழங்கு இருக்கிறது. விளைவித்த கை இல்லை. அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்ய உட்கார்ந்தவன் அன்றாடத்தின் முக்கால் பங்கை விட்டுவிடுவானா?

கிறிஸ்டோபர் டொன்னன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் மோச்சே கலங்களின் படங்களை ஒரு லட்சத்துக்கும் மேல் சேகரித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தவர். 1970-களில் அவர் சொன்னது இது: இந்தக் கலங்களில் எல்லாம் இருப்பது போலத் தோன்றுகிறது, ஆனால் உண்மையில் சில குறிப்பிட்ட காட்சிகளே திரும்பத் திரும்ப வருகின்றன, அவை எல்லாம் சடங்கையும் புராணத்தையும் சேர்ந்தவை.

அவர் காட்டிய உதாரணங்களில் மான் வேட்டைதான் என்னை அசைத்தது. மான் வேட்டை என்றால் சாப்பாட்டுக்கு என்றுதானே நினைப்போம்? ஆனால் மோச்சே குடியிருப்புகளின் குப்பைமேடுகளில் மான் எலும்பு அபூர்வம். அவர்கள் தின்ற இறைச்சி பெரும்பாலும் லாமாவும் கடல் உணவும்தான். ஓவியத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்களைப் பாருங்கள்: பெரிய தலையணியும் காதணியும் வேலைப்பாடுள்ள ஆடையுமாக, திருவிழாவுக்குப் போகிறவர்கள் போல இருக்கிறார்கள். அப்புறம் இன்னொரு கலத்தில் மான் மனிதனைப் போலச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது, கழுத்தில் கயிறு. போரில் பிடிபட்டவர்களையும் இதே மாதிரி ஆடை களைந்து, கழுத்தில் கயிறு மாட்டித்தான் காட்டுவார்கள். அப்படியானால் அந்த மான் ஒரு கைதி. வேட்டை என்று நான் நினைத்தது போரின் மறுவடிவம்.

கடற்சிங்க வேட்டையும் அப்படித்தான். ஓவியத்தில் கடற்சிங்கங்களின் வாயருகே சிறு உருண்டைகள் தெரியும். கடற்சிங்கம் கூழாங்கற்களை விழுங்கும். அதன் வயிற்றிலிருந்து கிடைக்கும் கல்லை மருந்துச் சக்தியுள்ளதாக அந்தக் கடற்கரை வைத்தியர்கள் நம் காலத்திலும் போற்றுகிறார்கள். வேட்டைக்காரன் தேடிப் போனது இறைச்சியா அந்தக் கல்லா என்று இப்போது என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

மொச்சை என்று மேலே சொன்னேன். மோச்சே என்ற பெயரைக் கேட்ட எந்தத் தமிழருக்கும் அந்தச் சொல் நினைவுக்கு வராமல் இருக்காது. அவர்கள் பயிரிட்டது நம் காய்கறிக் கடைகளில் டபுள் பீன்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் லீமா பீன்ஸ். கலங்களில் அந்தப் பருப்புக்குக் கால் முளைத்திருக்கிறது. கேடயம் பிடித்துப் போருக்கு ஓடுகிறது. கையில் சிறு பையோடு ஓடும் ஓட்டக்காரர்களைச் சுற்றிலும் புள்ளியும் கோடும் போட்ட பருப்புகள் மிதக்கின்றன. அருங்காட்சியகத்தை 1926-இல் தொடங்கிய ரஃபயேல் லார்கோ ஹோய்லே, இந்தக் கோடுகள் ஒருவகை எழுத்து என்றே நம்பினார். அந்தக் கருத்தை அறிஞர்கள் ஏற்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான கலங்களைக் கையில் தூக்கிப் பார்த்த மனிதருக்கு அப்படித் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை. இந்தப் பருப்பு சும்மா இல்லை, ஏதோ சொல்ல வருகிறது என்ற உணர்வு பார்க்கிற யாருக்கும் வரும்.

சரி, எல்லாம் புராணம்தான் என்று முடிவு கட்டலாம் என்றால், 1987 குறுக்கே வந்து நிற்கிறது. டொன்னன் பிரித்தெடுத்த காட்சிகளில் மிக முக்கியமானது ஒரு பலிக் காட்சி. கைதிகளின் கழுத்தை அறுத்து, அந்த ரத்தத்தைக் கோப்பையில் பிடித்து, ஒளிவட்டம் போலக் கதிர் வீசும் ஒரு தலைவனிடம் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களில் பறவை மனிதன் ஒருவன், நீண்ட ஆடை அணிந்த ஒரு பெண். இது தேவர் கதை என்றுதான் பலர் எண்ணியிருந்தார்கள். 1987-இல் சிபான் என்ற ஊரில் கல்லறைத் திருடர்கள் ஒரு மேட்டைத் தோண்ட, காவல்துறை வழியாகச் செய்தி அறிந்து வால்ட்டர் ஆல்வா என்ற பெருவியத் தொல்லியலாளர் அங்கே அகழத் தொடங்கினார். பொன்னும் செம்புமாக அவர் கண்டெடுத்த மனிதன், ஓவியத்தில் கோப்பையை வாங்கும் அந்தத் தலைவனின் தலையணியையும் இடுப்புக் கவசத்தையும் அணிந்தபடி புதைக்கப்பட்டிருந்தான். 1991-இல் சான் ஹோசே தே மோரோ என்ற இடத்தில் அந்தப் பெண்ணும் கிடைத்தாள், தலையணியும் கோப்பையுமாக. 1995-இல் வாக்கா தே லா லூனா என்ற மோச்சே கோயிலின் பின்முற்றத்தில் தொல்லியலாளர் ஸ்டீவ் பூர்ஜே தோண்டியபோது 70-க்கும் மேற்பட்ட ஆண்களின் எலும்புகள், கழுத்தெலும்பில் வெட்டுத் தடங்களோடு. அவர்களுக்கிடையே உடைத்துப் போட்ட களிமண் சிற்பங்கள். அந்தச் சிற்பங்களும் கைதிகள், கழுத்தில் கயிறோடு உட்கார்ந்தவர்கள். மனிதனைக் கொன்ற அதே இடத்தில் மண் மனிதனையும் உடைத்திருக்கிறார்கள்.

மோச்சே கோப்பை ஒன்றில் படிந்திருந்த கசடை 1990-களில் சோதித்துப் பார்த்தார்கள். மனித ரத்தத்தின் தடயம் கிடைத்தது.

அதைப் படித்த ராத்திரி, அம்மாவின் கேள்வி வேறு குரலில் எனக்குக் கேட்டது. அந்தக் குடத்தில் என்ன இருக்கிறது?

அம்மா கேட்டதைத் திரும்பிக் கேட்டபோது

சில மாதங்கள் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தேன். குனிந்து நடக்கும் அந்தப் பெண்கூட ஏதோ ஒரு சடங்கில் வரும் பாத்திரம்தான், அவளுடைய பாரத்தைப் பார்த்து உருகியது என் அறியாமை என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் நெஞ்சில் ஒட்டவில்லை. ஒருநாள் பழைய குரல் பதிவுகளைத் தேடும்போது அம்மாவின் அந்தக் கேள்வி மறுபடி கண்ணில் பட்டது. போட்டுக் கேட்டேன். அந்தப் பொம்மைக்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்கவில்லை. நான் படித்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டிருந்தார்கள், நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டது குடத்துக்கு உள்ளே என்ன என்று. பானை என்றால் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான் அம்மாவுக்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் இத்தனை நாளும் கலங்களின் வெளிப்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எடுத்து வைத்திருந்த படங்களை மறுபடி திறந்து பார்த்தேன். அந்தப் பெண்ணே ஒரு கலம். அச்சில் வார்த்த கூடு. அவள் உடம்பும் அவள் சுமக்கும் குடமும் ஒரே களிமண், உள்ளே வெற்றிடம். யாரோ அவளுக்குள் எதையோ ஊற்றியிருக்கிறார்கள், அவளிடமிருந்து சாய்த்துக் குடித்திருக்கிறார்கள். அப்படியானால் அவள் முதுகுக் குடத்தில் என்ன இருந்தது என்பதற்குப் பதில், அவளுக்குள் என்ன ஊற்றினார்களோ அதுதான்.

ஆந்தீஸில் அது பெரும்பாலும் சிச்சாவாக இருக்கும். சோளத்தை ஊற வைத்து முளைகட்டி, வெயிலில் உலர்த்தி, அரைத்து, மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, சாலில் ஊற்றிப் புளிக்கவிட்டு எடுக்கும் கள். சேர்த்து வைக்க முடியாது, சில நாளில் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு விழாவுக்கும் புதிதாகக் காய்ச்ச வேண்டும். தெய்வத்துக்கு, இறந்தவருக்கு, விருந்தாளிக்கு, வாய்க்கால் வெட்ட வந்த ஊராருக்கு எல்லோருக்கும் இதுதான். ஆகவே சடங்கு என்று நாம் சொல்லுகிற ஒன்று தொடங்குவதற்குப் பல நாள் முன்பே யாரோ தண்ணீர் சுமந்திருக்கிறார்கள், விறகு சுமந்திருக்கிறார்கள், சோளம் அரைத்திருக்கிறார்கள்.

பெருவின் தெற்கே செர்ரோ பாவுல் என்ற செங்குத்தான மேசை மலை இருக்கிறது. மோச்சேக்களின் கடைசிக் காலத்தில் எழுந்து, அவர்களுக்குப் பின்னும் நீடித்த வாரி அரசின் எல்லைக் குடியிருப்பு. மலை உச்சியில் தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு சொட்டையும் கீழே பள்ளத்தாக்கிலிருந்து சுமந்துதான் ஏற்ற வேண்டும். அந்த உச்சியில் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 1,800 லிட்டர் காய்ச்சக்கூடிய சிச்சா ஆலை ஒன்றை அகழ்ந்தெடுத்தார்கள். கொதிக்க வைத்த இடத்தில், பெண்கள் மேலாடையைச் செருகிக்கொள்ளும் ஊசிகள் உதிர்ந்து கிடந்தன. சுமார் 1000-ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஊரைக் கைவிட்டுப் போகும்போது கடைசியாக ஒருமுறை காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள். ஆலைக்குத் தீ வைத்துவிட்டு, குடித்த கோப்பைகளை எரியும் நெருப்பில் எறிந்து உடைத்திருக்கிறார்கள். அரசியலும் சமயமும் பிரிவுத் துயரமும் எல்லாம் அந்த எறிதலில் இருக்கின்றன. ஆனால் எனக்கு அதில் முதலில் கண்ணுக்குத் தெரிவது தண்ணீர்க் குடத்தோடு அந்த மலையேறியவர்கள்தான்.

குடிப்பதும் கொடுப்பதும் அங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொன்று சொல்ல வேண்டும். இன்காக்கள் கோப்பைகளை இரட்டையாகத்தான் செய்வார்கள், ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. சூரியனோடும் குடிப்பார்கள், இறந்துபோன அரசனின் பதப்படுத்திய உடலோடும் குடிப்பார்கள். 1532-இல் ஸ்பானியர்கள் வந்தபோது என்ன நடந்தது என்று இன்கா வம்சத்தைச் சேர்ந்த தித்து குசி யுபான்கி 1570-இல் சொல்லி எழுதவைத்த வரலாறு இருக்கிறது. அதன்படி, இன்கா அரசன் அதாவால்பா பொற்கிண்ணத்தில் சிச்சா கொடுத்தான். வாங்கிய ஸ்பானியன் அதைத் தரையில் கொட்டிவிட்டான். பள்ளிப் பாடத்தில் நமக்குச் சொன்னது, பைபிளை அரசன் கீழே எறிந்தான், போர் மூண்டது என்பது. அந்தப் பக்கத்தார் நினைவில் முதலில் கொட்டப்பட்டது அவர்கள் கொடுத்த சிச்சா. இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தண்ணீர் கொடுத்து வாங்கிக் குடிக்காமல் போனாலே மனசு நோகிறதே!

உதட்டில் வெட்டுப்பட்டவன்

இங்கேதான் முக வரிசைக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. மோச்சே கலங்களில் தலையை மட்டுமே பானையாகச் செய்தவை உண்டு. பெருவில் வாக்கோ ரெத்ராத்தோ என்பார்கள். வாக்கா என்றால் புனிதமான இடம் அல்லது பொருள், அதிலிருந்து வந்ததுதான் வாக்கோ, அதாவது அங்கிருந்து கிடைத்த பானை. கல்லறைத் திருடனுக்கும் அதே வேரிலிருந்துதான் பெயர். இந்த முகங்கள் பொது முகங்கள் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஆளின் முகம். மேலுதட்டில் ஒரு வெட்டுத் தழும்போடு ஒருவனுடைய முகம் மட்டும் 40-க்கும் மேற்பட்ட கலங்களில் இருப்பதை டொன்னன் கண்டுபிடித்தார். பத்து வயது வாக்கில் தொடங்குகிறது. பிறகு இளைஞன். பிறகு முப்பதுகளின் நடுவில், கன்னம் கனத்து, பார்வை ஆழமாகி. பெயர் தெரியாத ஒரு மனிதன் பானை பானையாக வயதாகிறான்.

இவன் யார் என்று யோசித்து யோசித்து நான் தூக்கம் கெட்டிருக்கிறேன். தலைவனாக இருக்கலாம். பையனாக இருந்தபோதே முகத்தை வார்க்கிறார்கள் என்றால் பிறப்பிலேயே பெரிய இடமாக இருக்கலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இந்த முகக் கலங்கள் புதைப்பதற்காகவே செய்து நேரே கல்லறைக்குள் போனவை இல்லை. பலவற்றில் விளிம்பு தேய்ந்திருக்கிறது, மூக்கு நுனி சிராய்ந்திருக்கிறது, சில பழுது பார்க்கப்பட்டிருக்கின்றன. அதாவது இவை வீட்டில் புழங்கியவை. அந்த முகத்தை யாரோ கையில் எடுத்திருக்கிறார்கள், நிரப்பியிருக்கிறார்கள், சாய்த்திருக்கிறார்கள், கழுவிக் கவிழ்த்திருக்கிறார்கள். பெரிய மனிதரின் முகம் தூரத்தில் பீடத்தில் இருக்கவில்லை, உள்ளங்கையில் இருந்தது. பல வருடம் புழங்கிய பிறகு, அதைப் பயன்படுத்தியவர் இறந்தபோது அவரோடு உள்ளே போயிருக்கிறது. அன்றாடமா சடங்கா என்று நான் ஓராண்டாக மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அந்தத் தேய்ந்த விளிம்பு தலையை ஆட்டவே இல்லை.

உடைந்த அச்சுக் கலங்களின் உட்புறத்தைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். வெளியே கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும் முகத்தின் பின்பக்கம், குயவர் களிமண்ணை அழுத்திய விரல் தடங்கள் அப்படியே இருக்கும். வெளிப்புறத்தை இழைத்தவர்கள் உட்புறத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். யார் பார்க்கப் போகிறார்கள்? குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டதற்கு இதையும் ஒரு பதிலாகச் சொல்லலாம்.

அப்புறம் அந்தப் பானைகளே எழுந்துகொள்ளும் கதை இருக்கிறது. ஒரு மோச்சே ஓவியத்தில் தலைக்கவசங்களுக்கும் கேடயங்களுக்கும் இடுப்புக்கச்சைகளுக்கும் கை கால் முளைத்து, மனிதர்களைத் துரத்திப் பிடித்து மயிரைப் பற்றி இழுத்துப் போகின்றன. இதே காட்சி வாக்கா தே லா லூனாவின் சுவரிலும் தீட்டப்பட்டிருந்தது. மோச்சேக்கள் மறைந்து பல நூற்றாண்டு கழித்து, 1608 வாக்கில் லிமாவுக்குப் பின்னாலுள்ள வரோச்சிரி மலைப்பகுதியில் கெச்சுவா மொழியில் எழுதிய சுவடியிலும் இந்தக் கதையின் உறவு தெரிகிறது: முன்னொரு காலத்தில் சூரியன் இறந்துபோனது, ஐந்து நாள் இருட்டு, உரல்களும் அம்மிகளும் மனிதர்களைத் தின்ன ஆரம்பித்தன, லாமாக்கள் மனிதர்களை ஓட்டிப் போயின. தினமும் கையில் எடுக்கிற பொருளுக்குள் உயிர் இருக்கிறது, அதை முறையாக நடத்தாவிட்டால் அது ஒருநாள் திரும்பும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். இப்படி நினைக்கும் வீட்டில், உருளைக்கிழங்கின் கண்களில் ஒரு முகம் தெரிவதும், மான் கைதியாக உட்கார்ந்திருப்பதும், பானைக்கு மனித உதடு இருப்பதும் அலங்காரம் இல்லை. குறியீடு என்று சொல்லவும் இப்போது எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒன்றைச் சுட்ட இன்னொன்றை வைப்பதுதானே குறியீடு. அங்கே அந்தப் பானையேதான் ஆள்.

லிமாவில் கிளம்பும் முன் கடைவீதியில் ஒரு சிறு கலம் வாங்கியிருந்தேன். மோச்சே உருளைக்கிழங்குக் கலத்தைப் பார்த்து இன்றைய குயவர் ஒருவர் செய்த நகல். மேலே குதிரைச் சேணத்தின் அங்கவடி போல வளைந்த குழாய், அதன் உச்சியில் ஒற்றை வாய். வட கடற்கரைக் குயவர்கள் மோச்சேக்கு முன்பிருந்தே இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாக விடாமல் செய்துவந்த வடிவம். துணி சுற்றிப் பெட்டியிலேயே கிடந்தது. போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது உருளக்கெழங்கா? கண்ணெல்லாம் எப்புடி வெச்சிருக்கான் பாரு" என்றாள். குழாயை நெருடிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் குடத்தில் சிச்சாதான் இருந்திருக்கும் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். சோளம், முளைகட்டுவது, மலை மேல் தண்ணீர் சுமப்பது எல்லாம் சொன்னேன். நெற்றி வாரைப் பற்றி மட்டும் மறுபடி கேட்டாள். "தலை வலிக்காதா பாவம்?"

பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். புதுப் பானையைப் பழக்காமல் எதுவும் ஊற்றக்கூடாது என்று, காலையில் அரிசி களைந்த தண்ணீரை எடுத்து அந்தச் சின்ன வாயில் மெல்ல ஊற்றினாள். முதலில் இறங்கவில்லை. கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். ஒரு வளைவின் வழியாகத் தண்ணீர் உள்ளே போக, மற்ற வளைவின் வழியாகக் காற்று குமிழிட்டு மேலே வந்தது. களக், களக் என்று சத்தம். அம்மா கலத்தைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டாள். "இன்னும் புடிக்கும்" என்று சொல்லி, மறுபடி ஊற்றினாள்.